நெஞ்சு என்னுடையது, படம் யாருடையது?

உ
காமாட்சி துணை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.
23-7-1971, ஆடி வெள்ளி.

செங்கற்பட்டில் வக்கீல் குமாஸ்தாவாக விளங்கும் மைத்துனன் சிரஞ்சீவி கண்ணாயிரத்துக்கு, மாமா வேலாயுதம் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இவ்விடம் உன் அக்கா சம்பூர்ணமும் என் மகள் பெரியநாயகியும் சௌக்கியம். நான் சௌக்கியமா இல்லையா என்பது டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். ஆகையால் வழக்கமான சௌக்கிய வரியை இந்தத் தடவை பாதியில் நிறுத்தியிருக்கிறேன். மீதியைப் படம் கைக்கு வந்ததும் எழுதுகிறேன். உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உன் வக்கீல் ஐயாவுக்கு என் நமஸ்காரம், சற்றுக் கோபத்தோடு.

நிற்க. நடந்ததை ஆதியிலிருந்து வரிசையாக எழுதி அனுப்புங்கள், வக்கீல் ஐயா மறுபடியும் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். இதோடு நான்கு முறை எழுதியாகிவிட்டது. என் நான்கு கடிதங்களையும் உங்கள் ஆபீசில் என்னதான் செய்கிறீர்கள், வடை சுற்றுகிறீர்களா? போகட்டும். ஐந்தாவது முறையாகவும் எழுதுகிறேன். பங்குனியில் எனக்கு இருமல் வந்தது. சித்திரையிலும் போகவில்லை. வைகாசியில் உன் அக்காவின் தொந்தரவு தாங்காமல் மூங்கில் மண்டபத்துப் பக்கத்தில் இருக்கிற நம் டாக்டரிடம் போனேன். அவர் புதிதாக எக்ஸ்ரே மெஷின் வாங்கி வைத்திருக்கிறார், வருகிறவனை எல்லாம் அதில் நிறுத்திப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கம்பவுண்டர் தேவசகாயம் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, சில்லென்று ஒரு தகட்டில் மார்பை ஒட்ட வைத்து, "மூச்ச அடக்குங்க ஐயா" என்றான். அடக்கினேன். விடலாம் என்று சொல்ல மறந்துவிட்டு அவன் படத்தைக் கழுவ உள்ளே போய்விட்டான். கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகு நானாகவே விட்டேன்.

படம் காய்ந்ததும் டாக்டர் அதை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க, அம்மாவ வரச் சொல்லுங்க" என்றார். இருமல் எனக்கு, பெஞ்சு எனக்கு, பேச்சு மட்டும் உன் அக்காவோடு. இருபது நிமிஷம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஒண்ணுமில்லையாம். சளி கட்டிக்கினு இருக்குதாம். வாங்க வூட்டுக்குப் போலாம்" என்றாள். ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல எவனுக்காவது இருபது நிமிஷம் ஆகுமா? நான் எழுந்து உள்ளே போனேன்.

"படத்தக் காட்டுங்க டாக்டர்."

"நீங்க பாத்து இன்னா பண்ணப் போறீங்க?"

"நெசவாளர் சங்கத்துல இருபத்தாறு வருஷம் பொடவைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தவன் நான். பாவுல ஒரு இழை அறுந்திருந்தாலும் பத்தடி தள்ளி நின்னு சொல்லுவேன்."

"இது பொடவை இல்லிங்களே."

"நீங்களும் வெளிச்சத்துல பிடிச்சுத்தானே பாத்தீங்க?"

அவர் படத்தை மேசை இழுப்பறையில் போட்டு, "இது ஆஸ்பத்திரி சொத்து. யார் கைலயும் குடுக்கறதில்ல" என்று சொல்லி மூடிவிட்டார். நெஞ்சு என்னுடையது. உள்ளே இருக்கிற சளி என்னுடையது. மூச்சை அடக்கிக் கண் இருட்டி நின்றவன் நான். படம் மட்டும் அவர் சொத்தாம். இது எந்த ஊர் நியாயம் என்று அன்றைக்கே உனக்கு எழுதினேன். நீயும் உடனே பதில் போட்டாய், அதை நான் மறுக்கவில்லை. ரிஜிஸ்தர் தபாலில் ஒரு மனு, கூடவே ஒப்புகை அட்டை, பதினைந்து நாள் தவணை என்று எழுதினாய். அப்படியே செய்தேன். ஒப்புகை அட்டையில் தேவசகாயம் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான், கீழே "தங்கள் உடல்நலம் பெற ஜெபிக்கிறேன்" என்று ஒரு வரி வேறு. அட்டையில் ஜெபம் பண்ணச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று உன்னைக் கேட்டேன், அதற்கு நீ பதில் எழுதவே இல்லை. பதினைந்தாம் நாள் டாக்டரிடமிருந்து பதில் வரவில்லை, ஒரு டானிக் பாட்டில் வந்தது.

அடுத்தபடியாக, இரண்டு சாட்சிகளோடு நேரில் போய்க் கேளுங்கள், அவர் மறுப்பதைச் சாட்சிகள் காதால் கேட்க வேண்டும் என்று எழுதினாய். சரி என்று நெசவாளி பரசுராமனைக் கூப்பிட்டேன். இன்னொரு சாட்சியாகப் பக்கத்து வீட்டு ராமலிங்கத்தைக் கூப்பிட்டேன். ராமலிங்கத்துக்கும் எனக்கும் ஒன்பது வருஷமாகக் கழிவுநீர்க் கால்வாய்த் தகராறு இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அவன் என்னைப் பெயர் சொல்லிக்கூடப் பேசுவதில்லை, "இந்த ஆளு" என்பான். எதிராளியே சாட்சி சொன்னால் கோர்ட்டில் எடுபடும் என்று நான் ஒரு யோசனை பண்ணினேன். வழியில் பரசுராமன் சும்மா வரவில்லை. "அண்ணா, எட்டு வருஷத்துக்கு முன்னால என் மாம்பழக் கலர் பொடவைய குறைன்னு சொல்லி ஒதுக்கினியே, எங்க குறைன்னு இன்னி வரைக்கும் காட்டினியா? நீ காட்டல, அவரு காட்டல. ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டான். அது சங்கத்து விவகாரம், நெசவாளிகளுக்குக் காட்டுகிற வழக்கம் இல்லை என்று சொன்னேன். அவன் சிரித்தான். சாட்சிக்கு வருகிறவன் சிரிக்கக் கூடாது என்று கண்டித்தேன்.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது தெரியுமா? டாக்டர் என்னை வெளியே நிறுத்திவிட்டு என் சாட்சிகள் இரண்டு பேரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். வாதி வெளியே, சாட்சி உள்ளே! பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். பரசுராமன் சிரிப்பை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தான். ராமலிங்கம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து எறங்குங்கண்ணா, படி ஒயரமா இருக்குது" என்றான். அண்ணா! ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. டாக்டர் உள்ளே அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து மனதைக் கலைத்துவிட்டார் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அதோடு நின்றதா? மறுநாள் காலையில் வெளியே வந்து பார்க்கிறேன், ராமலிங்கம் ஆள் வைத்துத் தன் கால்வாயை என் சுவரிலிருந்து ஒதுக்கி வெட்டிக்கொண்டிருக்கிறான். முனிசிபாலிட்டியில் ஒன்பது மனு, தாசில்தாரிடம் இரண்டு மனு போட்டு வளர்த்த வழக்கு கண்ணெதிரே செத்துப் போயிற்று. "யாரைக் கேட்டு வெட்டுகிறாய்?" என்று கத்தினேன். "வுடுங்கண்ணா, எதுக்கு சண்டை" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

சாட்சிகள் கெட்டுவிட்டார்கள் என்று உனக்கு எழுதினேன். நீ சென்னையில் டாக்டர்களுக்கு மேலே ஒரு கவுன்சில் இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாம் என்று எழுதினாய். உன் அக்கா படித்துக் காட்டியதும் எழுந்து உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், புகாரோடு, டாக்டர் கொடுக்க மறுத்த படத்தின் நகல் ஒன்றை இணைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அட பாவி, நகல் இருந்தால் நான் ஏன்டா புகார் கொடுக்கிறேன்? சரி, வக்கீல் நோட்டீஸ் விடு என்றேன். ஐயா கோடை விடுமுறையில் ஊட்டிக்குப் போயிருக்கிறார் என்றாய். ஊட்டியிலிருந்து வந்தாரா என்றேன். வந்தார், டாக்டருடைய அப்பா பெயரின் முதலெழுத்து வேண்டும் என்றாய். விசாரித்து எழுதினேன். நோட்டீஸ் தட்டச்சு செய்கிறவருக்குக் கை சுளுக்கு என்றாய். நேராக முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டால் படத்தைக் கொண்டு வந்து காட்டு என்று கோர்ட்டே உத்தரவு போடலாம் என்று போன மாதம் எழுதினாய், அதையும் நம்பினேன். அதற்கு முன்னால் அந்தப் படத்தில் இருப்பது என் நெஞ்சுதான் என்று நான் நிரூபிக்க வேண்டுமாம், அதற்குப் படம் வேண்டுமாம். கண்ணாயிரம், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ உண்மையிலேயே அந்த ஆபீசில் குமாஸ்தாவா, இல்லை வாசலில் சோடா விற்கிறாயா?

நீ உதவாததால் நானே முயற்சி செய்தேன். தினம் காலையில் போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தேன். சத்தம் போடவில்லை, உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பதினோராம் நாள் தேவசகாயம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பெரிய பழுப்பு உறையை என் கையில் திணித்து, "ஐயா, இத்த எடுத்துக்கினு போய் நிம்மதியா இருங்க. டாக்டருக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிரும்" என்றான். என் சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்! வீடு வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லை. வழியில் டீக்கடை வாசலில் வெயில் நன்றாக அடித்தது, அங்கேயே உறையைப் பிரித்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். நாலு நெசவாளிகள் கூடிவிட்டார்கள். புடவையை எப்படிப் பார்ப்பேனோ அப்படியே பார்த்தேன், கரையிலிருந்து கரைக்கு, மேலிருந்து கீழே. எலும்பு எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்த மாதிரி இருக்கிறது. எலும்புகளுக்கு நடுவில் இருட்டு ஒரே சீராக இருக்கிறது. ஒரு இழை பிசகவில்லை. "ஏ ஒன் சரக்கு!" என்று கூவினேன். எல்லோருக்கும் டீ சொன்னேன். நான்கு நாள் அந்தப் படத்தைக் கடை வாசலில் ஆணியில் மாட்டி வைத்துப் போகிற வருகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். எலும்புகளுக்குக்கூடப் பெயர் வைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

நான்காம் நாள்தான் பழக்கதோஷத்தில் மூலையைப் பார்த்தேன். புடவையானால் முந்தானை ஓரத்தில் நெய்தவனுடைய குறி இருக்கும், அதைக் கடைசியில்தான் பார்ப்பது என் வழக்கம். இந்தப் படத்தின் மூலையிலும் ஆங்கிலத்தில் சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பொன்னியம்மாள், பெண், வயது இருபத்து மூன்று. அதைக் கழற்றி உறையில் போடுவதற்குள் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து அவள் புருஷன் அர்ஜுனன் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டான்.

"யோவ் பெரியவரே! என் பொண்டாட்டி நெஞ்செலும்ப டீக்கடைல மாட்டி வச்சிக்கினு ஊருக்கே காட்டிக்கினு இருக்கியாமே!"

என்ன சொல்வதென்று தெரியாமல், "ஒரு குறையும் இல்லப்பா, முதல் தரம்" என்றேன். அவன் சட்டைக் கையைச் சுருட்டினான். நல்ல வேளையாகப் பரசுராமன் ஓடி வந்து அவனைத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் எதையோ சொன்னான். அர்ஜுனன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சுருட்டின கையை இறக்கிவிட்டான். படத்தை வாங்கிக்கொண்டு, "வெயில்ல நிக்காதீங்க தாத்தா, சைக்கிள்ல ஏறுங்க, வூட்ல வுட்டுட்டுப் போறேன்" என்றான். அடிக்க வந்தவன் என்னைக் கேரியரில் உட்கார வைத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். காதில் என்னடா சொன்னாய் என்று பரசுராமனைக் கேட்டால், "சும்மாண்ணா" என்கிறான். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குத் தாத்தா பட்டம் வேறு.

இதற்கெல்லாம் மூல காரணம் அந்த டாக்டர். அவர் கவனக்குறைவுக்கு இன்னும் அத்தாட்சி சொல்கிறேன், நோட்டீசில் சேர்த்துக்கொள். பத்து வருஷமாக எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லி அரிசியைக் குறை, பலாப்பழத்தைத் தொடாதே, இனிப்புக் கடை வாசலைக்கூட மிதிக்காதே என்று என்னை வறுத்தெடுத்தவர் அவர். போன மாதம் கேட்டால், "மனசுக்குப் புடிச்சத சாப்பிடுங்க" என்கிறார். டாக்டர் பேசுகிற பேச்சா இது? உன் அக்காவும் அவரோடு சேர்ந்துகொண்டாள். மூக்குப்பொடி டப்பாவை எத்தனை தடவை கிணற்றில் எறிந்தவள்! இப்போது அவளே வாங்கி நிரப்பி வைக்கிறாள். சின்ன காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பிக் கோயில் இட்லி வாங்கி வருகிறாள், ஜாங்கிரி வாங்கி வருகிறாள், நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் கத்தினால் திரும்பக் கத்துவதில்லை. முப்பது வருஷமாகச் சண்டை போட்டுப் பழகினவனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ஆனி மாதம் உன்னோடு சென்னைக்குத் தொட்டில் போடுகிற விசேஷத்துக்கு வந்தாளே, திரும்பும்போது கண் இரண்டும் சிவந்திருந்தன. பஸ்ஸில் தூசி என்றாள். ஜன்னலோரம் உட்கார வைக்காதே என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டாயா?

இன்னொன்று. என் சட்டைகள் எல்லாம் பெரிதாகிவிட்டன. துணி துவைத்தால் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும், பெரிதாகும் என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். புதிதாக வந்திருக்கிற சலவைக்காரர் அடித்துத் துவைக்கிற அடி அப்படி. அவருக்கும் சேர்த்து ஒரு நோட்டீஸ் விட முடியுமா என்று வக்கீல் ஐயாவைக் கேட்டுச் சொல்.

கடைசியாக, கல்யாண விஷயம். பெரியநாயகி கல்யாணத்தைத் தை மாதம் வைப்பது என்று வாலாஜாபாத் சம்பந்தியோடு பேசி வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. இப்போது நீயும் உன் அக்காவும் சேர்ந்துகொண்டு ஆவணி, ஆவணி என்று ஏன் குதிக்கிறீர்கள்? அடுத்த மாதம் ஆவணி! கூறைப் புடவைக்குப் பாவு கூடப் போடவில்லை. பரசுராமனைத் தறியில் உட்கார வைத்து, நான் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இழையாகப் பார்த்து நெய்த புடவையைத்தான் என் மகள் கட்டுவாள். ஊரில் எத்தனை பேர் புடவையில் குறை சொன்னவன் நான், என் வீட்டுப் புடவையில் ஒருத்தன் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது. அவசரப்பட்டால் அது நடக்குமா? என் முடிவைக் கேட்டுக்கொள்: டாக்டர் படத்தைக் கொடுக்க வேண்டும், அதில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும், அதற்குத் தக்க வைத்தியம் பண்ணி, இருமல் இல்லாமல் பந்தலில் நிற்க வேண்டும். படத்தைப் பார்க்காமல் முகூர்த்தம் கிடையாது. தை என்றால் தைதான். இதில் சமாதானப் பேச்சே வேண்டாம்.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் நோட்டீசை அனுப்பு. கை சுளுக்கியவருக்கு எண்ணெய் தடவிவிடு, இல்லை நீயே பேனாவால் எழுது. டாக்டரை நான் விடுவதாக இல்லை. உன் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி இருக்க வரதராஜப் பெருமாளும் காமாட்சியும் அருள் செய்யட்டும். குழந்தைகளை வெயிலில் விளையாட விடாதே. உன் பதிலை எதிர்பார்த்துத் தபால்காரரைத் தினமும் திட்டிக்கொண்டிருக்கும்,

மாமா,
கு. வேலாயுதம்.

பின்குறிப்பு: இதைத் தனித் தாளில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

மேலே உள்ள கடிதத்தைக் காலையில் எழுதி முடித்தேன். உன் அக்காவும் பெரியநாயகியும் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். கரைக்கு மாதிரி வேண்டும் என்று பரசுராமன் கேட்டிருந்தான். தாயின் கூறைப் புடவைக் கரையைத்தான் மகளுக்கும் போடுவது என்று நம் வீட்டில் வழக்கம் அல்லவா? டிரங்குப் பெட்டியைத் திறந்து அக்காவுடைய கூறைப் புடவையை எடுத்தேன். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பட்டு மடிப்பு அப்படி விறைப்பாக இருக்காது.

உள்ளே பழுப்பு உறை இருந்தது. இந்தத் தடவை முதலில் மூலையைப் பார்த்தேன். என் பெயர்தான், ஆண், வயது ஐம்பத்தெட்டு. ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். டாக்டர் தேவைப்படவில்லை, கண்ணாயிரம். பொன்னியம்மாளின் படத்தை நான்கு நாள் பார்த்த கண் இது, எது எது எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். இடது பக்கத்தில் மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக இருக்கிறது. அங்கே இருட்டாக இருந்திருக்க வேண்டும்.

படத்தோடு நீ அக்காவுக்கு எழுதிய கடிதமும் இருந்தது. ராமலிங்கம் வீட்டு விலாசத்துக்குப் போட்டிருக்கிறாய். ஆனியில் நாம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டிய சென்னைப் பெரிய டாக்டரும் அதையேதான் சொல்கிறார், அறுவை செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, தை வரைக்கும் என்று அவராலும் உறுதி சொல்ல முடியவில்லை, கல்யாணத்தை ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். மாமாவிடம் நான் சட்டம் பேசி இழுத்துக்கொண்டே போகிறேன் அக்கா, டாக்டர் மேல் கோபம் இருக்கிற வரைக்கும் அவருக்குப் பயம் வராது என்றும் எழுதியிருக்கிறாய். நீ சொன்னது சரிதான். படித்து முடித்ததும் கோபம் எல்லாம் போய்விட்டது. பயம் வந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ உண்மையான குமாஸ்தாதான், சோடா என்று எழுதியதை மன்னித்துவிடு.

பரசுராமன் கரை பார்க்க வந்தான். அந்த மாம்பழக் கலர் புடவையில் குறையே இல்லை, அன்று காலையில் வீட்டில் சண்டை, அந்த எரிச்சலில் ஒதுக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். "தெரியும்ண்ணா" என்றான்.

எல்லாவற்றையும் இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டேன். மடிப்பதில் என் கை தப்பாது, அவளுக்குத் தெரியாது. அவள் கோயிலிலிருந்து வந்து, "இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றாள். "உன் தம்பிக்கு லெட்டர். டாக்டர நான் வுடறதில்ல" என்றேன். "வுடாதீங்க, நல்லா காரமா எழுதுங்க" என்று சொல்லிக் குங்குமம் வைத்துவிட்டாள். பாதிக் குங்குமம் என் மூக்கில் கொட்டிவிட்டது. அதற்கும் கோயில் கூட்டத்தைத்தான் காரணம் சொன்னாள்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது: நோட்டீஸ் அனுப்பாதே. டாக்டர் நல்ல மனிதர். கல்யாணத்தை ஆவணியில் முதல் முகூர்த்தத்திலேயே வை. சம்பந்தி அவசரப்படுகிறார் என்று எனக்கு ஒரு கடிதம் போடு, நான் இரண்டு நாள் சண்டை பிடித்துவிட்டு ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரியும் என்று அக்காவிடம் மூச்சு விடாதே. இத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு இவ்வளவு கஷ்டப்பட்டு மறைத்து வைத்திருக்கிறாள், அது வீணாகக் கூடாது. சட்டத்தில் உண்மையாகவே எனக்கு வழி இருந்ததா என்பதை மட்டும் கல்யாணத்தன்று தனியாகச் சொல். மேலே பாதியில் நிறுத்திய வரியில் நானும் சௌக்கியம் என்று சேர்த்துக்கொள்.

ஆனால் வழக்கை நிறுத்திவிடாதே, தம்பி. உன் கடிதம் வந்தால் அவள்தான் பிரித்து எனக்குப் படித்துக் காட்டுவாள். அடுத்த கடிதத்தில் முன்சீப் கோர்ட்டைப் பற்றி நல்ல நீளமாக எழுது. நான் சத்தம் போட்டுத் திட்டுகிறேன்.